ராமிரோவின் மாமியார்

மார்ச் 3, திங்கள்

பதினோரு வருஷமாகத் திங்கள் காலை வானொலியில் எரிமலை நிலவரம் சொல்வது நான். இன்று தொண்டை கட்டிக்கொண்டதால் ராமிரோவை அனுப்பினேன். கண்காணிப்பு நிலையத்தில் போன வருஷம் சேர்ந்தவன். அதிர்வெண், வாயு அளவு எதையும் அவன் சொல்லவில்லை. "நம்ம மலை ஒரு மாமியார். புகைஞ்சு முணுமுணுத்துக்கிட்டே இருந்தா பயமில்ல. திடீர்னு வாய மூடிட்டான்னா அன்னைக்குத்தான் மூட்டையக் கட்டணும்" என்றானாம். சந்தையில் கிழங்கு விற்கும் நெல்சி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். "நீங்க பேசறப்ப சத்தத்தக் குறைச்சிருவேன் டாக்டரம்மா. கோவிச்சுக்காதீங்க."

கோபமில்லை என்றேன்.

மார்ச் 11

மலையடிவாரத்து எல் சால்ட்டோ கிராமத்திலிருந்து ராமிரோவுக்குச் சுட்ட கூய், வீட்டில் வளர்க்கிற கினிப்பன்றி, வந்திருக்கிறது. முழுசாக, தலையோடு காலோடு, உருளைக்கிழங்கின் மேல் படுக்கவைத்து. கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும்தான் வீட்டுக் கூய்களில் ஒன்றைப் பிடித்துச் சுடுவார்கள். அந்த ஊரில் கருவி நட்டவள் நான். எனக்கு ஒரு கிழங்குகூட வந்ததில்லை. அவன் பாதியை நீட்டினான். வயிறு சரியில்லை என்றேன். எரிந்ததென்னவோ உண்மை.

மார்ச் 17

திங்கள்கிழமை இனி ராமிரோவுக்கே. தலைநகர் கித்தோவிலிருந்து இயக்குநர் சொல்லிவிட்டார். என் தொண்டை எப்போதோ சரியாகிவிட்டது.

ஏப்ரல் 2

மலை உறுமுகிறது. ஊரெல்லாம் சாம்பல். உச்சிப் பனி உருகினால் சேறு ஓடை வழியே நேராக எல் சால்ட்டோவுக்குத்தான் இறங்கும். காலி பண்ணச் சொல்லியாயிற்று, ஒருவரும் அசையவில்லை. "திட்டிக்கிட்டுத்தான இருக்கா? வாய மூடட்டும், வர்றோம்" என்கிறார்களாம். மாமியாரை மறந்துவிடுங்கள் என்று ராமிரோ வானொலியில் கெஞ்சினான். அதற்கும் சிரித்தார்கள்.

எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. நல்லா மாட்டினான் — அப்படித்தான் நினைச்சேன். அப்புறம்தான் அங்கே இருக்கிற பிள்ளைகள் ஞாபகம் வந்தது. என்ன பொம்பளை நான்?

ஏப்ரல் 3

இருவரும் எல் சால்ட்டோ போனோம். அவனைச் சுற்றிச் சிரிப்பும் கும்பலும். நான் ஓடைக்கரை வீட்டு எடெல்மிராவின் அடுப்படிக்குள் போய் வரைபடத்தை விரித்தேன். காலடியில் கூய்கள் கீச்சிட்டு ஓடின. அவள் கிழங்கு சீவுவதை நிறுத்தவே இல்லை. அடுப்போரம் அவள் மாமியார் க்ளெமென்சியா உட்கார்ந்திருந்தார்.

என் வாயில் அது எப்படி வந்ததோ தெரியவில்லை.

"உங்க மாமியார் திட்டறதோட நிறுத்திக்குவாங்களா?"

"எங்க? கையில கிடைச்சதெல்லாம் பறக்கும்."

"சட்டியத் தூக்கற சத்தம் கேட்டா இங்கயே நிப்பீங்களா?"

"நான் என்ன பைத்தியமா?"

"மலை இப்ப சட்டியத் தூக்கிருச்சு, எடெல்மிரா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அதற்குள் க்ளெமென்சியா எழுந்து கூய்களைப் பிடித்துச் சாக்கில் போட ஆரம்பித்திருந்தார். "நான் எறிஞ்சா குறி தப்பாது. கிளம்புடி."

வீட்டுக்கு வீடு அந்தச் சட்டி பரவியது. இருட்டுவதற்குள் ஊர் காலி.

ஏப்ரல் 5

விடியற்காலையில் சேறு இறங்கிவிட்டது. எடெல்மிராவின் அடுப்படி இருந்த இடத்தில் பாறைகள் கிடக்கின்றன. யாருக்கும் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 8

பள்ளிக்கூட முகாமில் ஒரே பேச்சு: ராமிரோவோட மாமியார்தான் காப்பாத்தினா. "அந்தச் சட்டி நூபியா அக்கா சொன்னது" என்று அவனே எழுந்து நின்று என்னைக் காட்டிச் சொன்னான். எடெல்மிராவும் ஆமாம் ஆமாம் என்றாள். "டாக்டரம்மாவா? அவங்க நம்பர்லதான பேசுவாங்க" என்றது ஒரு குரல். முகாமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஜீப்பில் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 20

இன்று முகாமில் கடைசி வீட்டு ரோசால்பா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் சாக்கில் போட்டுக் கொண்டுவந்த கூய்களில் ஒன்றைச் சுட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். இடுப்பில் குழந்தை, கன்னமெல்லாம் கிழங்கு பூசிக்கொண்டு என்னையே பார்த்தது.

"ராமிரோ தம்பிகிட்ட குடுத்துருங்க டாக்டரம்மா. அவர் வார்த்தையாலதான் இது உசுரோட இருக்கு."

சரி என்றேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வழியில் ஒரு காலை மட்டும் தின்றுவிட்டேன்.