ஏழாம் தளத்து மஞ்சள் கனிமம்

மார்ச் 3, காலை
விளையாட்டு: ஆழ்குழி. கனிமக் குறிப்பு எழுதுபவர்: சுகிர்தா, மார்த்தாண்டம்.
நிலாவில் ஒரு கற்பனைச் சுரங்கம். அவரவர் வீட்டிலிருந்தே ஆளுக்கொரு தோண்டும் இயந்திரத்தை ஆன்லைனில் ஓட்டுகிறோம். எந்தத் தளத்தில் என்ன கிடைக்கும் என்று மற்ற ஆட்டக்காரர்களுக்காக நான் பதிவிடுகிறேன்.
ஆறாம் தளம்: இரும்பு நிறைய, டைட்டானியம் கொஞ்சம்.
ஏழாம் தளம்: நேற்று சரிந்தது. சரிவுக்குப் பின்னால் புதுக் கனிமம். திரையில் மஞ்சளாக நான்கு திட்டுகள். தோண்டினால் கிடைக்கும் புள்ளிகள் மிக அதிகம். இடத்தைப் பொதுவில் பதிவிட்டுவிட்டேன்.

மார்ச் 3, மதியம்
திருத்தம். மஞ்சள் திட்டுகள் நகர்கின்றன. கனிமம் நகராது.
மென்பொருள் பிழை என்று நினைத்தேன். இயந்திரக் கையால் பாறையை இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். உள்ளிருந்து இரண்டு தட்டு. மூன்று தட்டினேன். மூன்று வந்தது.

மார்ச் 3, மாலை
இயந்திரத்தில் பேசவும் கேட்கவும் ஒரு வானொலி உண்டு. யாரும் தொடுவதில்லை. அதைத் திறந்து, உள்ளே யார் என்று கேட்டேன். ஓர் ஆண் குரல்.
"யாருத்தா அது? மிஷின நிறுத்துத்தா! சுவரு ஆடுது. நாங்க நாலு பேரு உள்ள கெடக்கோம்."
பெயர் முத்துராக்கு என்றார். ராமநாதபுரத்துக்காரர். நிலாவில் நிஜமாகவே இருக்கும் இந்தச் சுரங்கத்தின் தொழிலாளி; நேற்றைய சரிவில் சிக்கியவர். அவர்களின் உடல் சூட்டைத்தான் திரை மஞ்சளாகக் காட்டியிருக்கிறது. இது விளையாட்டு என்றல்லவா நினைத்தோம் என்றேன்.
"வெளையாட்டா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "ஒம் பேரு என்னத்தா?"
சொன்னேன். யாரையும் தோண்ட விடமாட்டேன் என்றும் சொன்னேன்.
ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினேன். பதில்: "கதாபாத்திரக் குரல்கள் விளையாட்டின் ஒரு பகுதி. தொடர்ந்து தோண்டுங்கள்."

மார்ச் 4, காலை
ஏழாம் தளத்துப் பதிவை அழித்தேன். பயனில்லை. அதற்குள் எல்லோரும் பகிர்ந்துவிட்டார்கள். இயந்திரங்கள் வரிசையாக இறங்குகின்றன. என்னுடையதைப் பாதையின் குறுக்கே நிறுத்தியிருக்கிறேன். முதலில் வந்தவன் ஜெபஸ்டின், நாகர்கோவில் பையன்.
"எக்கா, ஒதுங்குங்க. ஒங்க குறிப்பப் பாத்துதான் எல்லாவனும் வாரானுவ."
வானொலியைக் கேட்கச் சொன்னேன். கேட்டான்.
"ஐயோ, உள்ள ஆளு கெடக்காவளாக்கா?"
தன் இயந்திரத்தையும் என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். பின்னால் வந்தவர்கள் மோதுகிறார்கள்.

மார்ச் 4, நேரம் பார்க்கவில்லை
நிறுவனத்தார் ஜெபஸ்டினை ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். என் விசைகள் வேலை செய்யவில்லை.
என் இயந்திரம் தானாகத் திரும்புகிறது. பாறையைப் பார்த்து நிற்கிறது. துளைப்பான் சுழல்கிறது. நான் எதையும் தொடவில்லை. இதைப் படிப்பவர்களே, நான் தொடவில்லை. வயரைப் பிடுங்கினால் முத்துராக்குவின் குரல்தான் நிற்கும், இயந்திரம் நிற்காது.
"நிறுத்துத்தா! நிறுத்துறேன்னியேத்தா!"
அண்ணே, நான் இல்லை என்று கத்துகிறேன். என் மைக்கை அடைத்துவிட்டார்கள். அவருக்குக் கேட்கவில்லை.
சுவர் விழுந்துவிட்டது. வெளிச்சத்தில் ஒரு கை தெரிகிறது.
அவர் என் பெயரைச் சொல்லி