செவலையின் கன்று

என் வீட்டுக்காரருக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கப் பார்த்தேன். கை வரவில்லை.

செவலை கன்று ஈன்றதை ஃபோனில் சந்தோஷமாகச் சொன்னீர்கள். பால்காரர் சீம்பாலைக் கேட்டதற்கு அவர்மேல் எரிந்து விழுந்ததையும் சொன்னீர்கள். "மொதப் பால் கன்னுக்குத்தான்யா. அது உள்ள போகலைன்னா நோய் வந்து செத்துப்போயிடும், தெரியாதா உனக்கு?" மாட்டுப் பண்ணையையே நடத்துகிறவர், உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

பிரசவ வார்டில் நர்ஸ் நகர்ந்ததும் அத்தை என் பாலைப் பார்த்து முகம் சுளித்தார். "மஞ்சளா சீழு மாதிரி இருக்கு. இத்தனை மாசம் உள்ள தேங்கின கெட்ட பால். பீச்சிக் கொட்டு. வெள்ளையா வந்தப்புறம் குடு."

நான் உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே, "அம்மா சொன்னா கேளேன்" என்றீர்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது, முதல் பால் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கும்தான். நீங்கள் மட்டும் தரையைப் பார்த்தீர்கள்.

அத்தைமேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரியாது. சொல்லிவிடுங்கள்.

இங்கே அம்மா வீட்டில் எனக்கு இன்னும் மார்பு கட்டிக்கொள்கிறது. குளியலறையில் பீச்சிக் கொட்டுகிறேன். இப்போது வெள்ளைவெளேரென்று வருகிறது. அத்தை பார்த்தால் குறை சொல்ல மாட்டார்.

எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டீர்கள். தொட்டிலுக்கு வாங்கிய போர்வை அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. கன்றுக்குப் போர்த்துங்கள், குளிரும்.

அதை நன்றாக வளர்ப்பீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகனைப் பெற்றவள்