இரண்டாவது வாய்தா

கோயம்புத்தூர்
6.2.2023

மச்சான் அவர்களுக்கு,

எப்படித் தொடங்குவது என்று அரை மணி நேரம் யோசித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன். புருஷன் என்கிற உறவை 2014இல் கோர்ட்டில் முடித்துவிட்டோம். ஆனால் நான் பிறந்த அன்றைக்கே நீங்கள் என் மாமா மகன். அதை எந்த ஜட்ஜாலும் ரத்து செய்ய முடியாது. அதனால் மச்சான்.

போன் பண்ணியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். உங்கள் நம்பரை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ப்ளாக் செய்தேன். அந்த ப்ளாக்கை எடுக்க மனசில்லை. பேசினால் சண்டை போடுவோம். எழுதினால் யாரும் நடுவில் புகுந்து பேச முடியாது.

விஷயம் இதுதான். ஒரு விண்ணப்பத்துக்கு நம் விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். மார்ச் பத்தாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் என் பெயரை நீக்கிவிடுவார்கள். நகல் கேட்க வழக்கு நம்பர் வேண்டும். அந்தச் சீட்டு அய்யலூர் வீட்டில் பீரோ மேலே மஞ்சள் பையில் இருந்தது. எலி தின்னாமல் இருந்தால் நம்பரை மட்டும் எழுதி அனுப்புங்கள். என்ன விண்ணப்பம் என்று கேட்க வேண்டாம்.

மாமாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
புவனேஸ்வரி


அய்யலூர்
11.2.2023

அன்புள்ள புவனாவுக்கு,

நான் சுகம், ஆடுகள் சுகம், அப்பாவின் மூட்டு மட்டும் சுகமில்லை. நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், "ஏப்பா பாண்டி, ஒனக்குக்கூட லெட்டரா? பேங்க்காரன் அனுப்புன மாதிரி தெரியலையே" என்று நான் பிரிக்கும்வரை நகரவில்லை. உறையைப் பார்த்ததுமே உன் எழுத்து என்று தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை.

மஞ்சள் பை இருக்கிறது. சீட்டும் இருக்கிறது. ஆனால் நம்பரை எழுத மாட்டேன். திட்டாதே, முழுசாகப் படி. நானும் அந்த வழக்கில் ஒரு மனுதாரர்தானே? நானே திண்டுக்கல் போய் நகலுக்கு எழுதிப்போட்டு வாங்கி அனுப்புகிறேன். ஆஸ்பத்திரி லேபில் லீவு சொல்லிவிட்டு நீ அலைய வேண்டாம்.

கேட்க வேண்டாம் என்று எழுதிவிட்டாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, போ. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஓர் ஆட்டுக்குட்டி வாங்கத் தெரியாதவன் நான். வெளிநாட்டு வேலையா? வீட்டு லோனா? கல்யாணமா? கல்யாணம் என்றால் சொல்லிவிடு. மாப்பிள்ளை எப்படிப்பட்ட ஆள் என்று நாலு இடத்தில் விசாரித்தாவது சொல்வேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
பாண்டியராஜ்


கோயம்புத்தூர்
15.2.2023

மச்சான்,

நம்பரைக் கேட்டால் நம்பரைக் கொடுக்க வேண்டும். எட்டு வருஷக் குடித்தனத்திலும் இதே கூத்துதான். உப்பு வாங்கி வரச் சொன்னால் உப்பைத் தவிர எல்லாம் வீடு வந்து சேரும்.

கல்யாணம் இல்லை. நகலைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

மாமாவுக்கு எண்ணெய் தேய்த்தது போதும், டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டர் என்றால் அந்த வீட்டு ஆம்பளைகளுக்கு ஏன்தான் இப்படி நடுக்கமோ.

புவனேஸ்வரி


அய்யலூர்
27.2.2023

அன்புள்ள புவனா,

உட்கார்ந்துகொண்டு படி.

திண்டுக்கல் கோர்ட்டு நகல் பிரிவில் ஆண்டிச்சாமி என்று ஒருவர் இருக்கிறார். நம் அய்யலூர்ச் சந்தையில் போன ஆடிக்கு என்னிடம் கிடா வாங்கியவர். மனு போட்டு ஒரு வாரம் கழித்துப் போனேன். வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பாண்டி, இதுல தீர்ப்பு இல்லையே."

"நல்லாப் பாருங்கண்ணே. கையெழுத்தெல்லாம் போட்டோமே."

"போட்டது மனுவுக்கு. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் வந்து, ஆமா பிரியறோம்னு இன்னொரு தடவை சொல்லணும்ல? வரலைன்னு மனுவைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க."

"அப்ப நான் யாருண்ணே?"

"இன்னைக்கு வரைக்கும் நீ அந்தம்மா வீட்டுக்காரன்தான். நடுவுல வேற கல்யாணம் கில்யாணம் பண்ணித் தொலச்சியா?"

"இல்லண்ணே."

"பொழச்ச."

புவனா, தப்பு என்னுடையது. நம் பழைய வக்கீல் அன்றைக்கே சொன்னார், ஆறு மாசம் கழித்து வர வேண்டும் என்று. நான் அதை ஒரு சம்பிரதாயம் என்று எடுத்துக்கொண்டேன். சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை முடித்துவிட்டால் முடிந்ததுதான். ஆறு மாசம் கழித்து வந்து "இன்னும் அதே விலைதானா" என்று எவனும் கேட்க மாட்டான். அந்த வாய்தா 21.8.2014, வியாழக்கிழமை. சந்தை நாள். நான் ஆட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் எனக்கு இப்போது தலை வெடிப்பது வேறொன்றால். அந்தத் தேதிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "முதல் மனுதாரர் ஆஜரில்லை. இரண்டாம் மனுதாரர் ஆஜர்." இரண்டாம் மனுதாரர் நீ. அதற்கடுத்த வாய்தாவுக்குத்தான் ரெண்டு பேரும் இல்லை. முதலில் நீ வந்திருக்கிறாய். வந்தவளுக்கு முடியவில்லை என்று தெரிந்திருக்குமே? ஏன் வந்தாய்? ஏன் அப்புறம் வரவில்லை?

பதில் போடு. தெருவில் தபால்காரர் தலை தெரிந்தாலே எழுந்து நின்றுவிடுகிறேன்.

பாண்டி


கோயம்புத்தூர்
4.3.2023

மச்சான்,

கடிதத்தைப் படித்துவிட்டு லேபில் ஒருவருக்கு ரெண்டு தடவை ஊசி குத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

முதலில் விண்ணப்பத்தைச் சொல்கிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்திருக்கிறேன். ஆறு வயசுக்கு மேல் இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறேன். பெரிய பிள்ளைகளை யாரும் கேட்பதில்லையாம். தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். விவாகரத்து ஆனவளுக்கும் கொடுப்பார்கள். புருஷன் உள்ளவள் மட்டும் தனியாகக் கேட்க முடியாது. ஒன்பது வருஷமாக நான் புருஷன் உள்ளவளாக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்! சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்டது. அன்றைக்கு நான் பிரிய வரவில்லை. "எனக்கு இதில் சம்மதம் இல்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்ல வந்தேன். நீல நிறச் சேலை. பதினோரு மணி வரை கோர்ட் படியில் நின்றேன். நீங்கள் வரவில்லை. என் முகத்தைப் பார்க்கக்கூட உங்களுக்கு இஷ்டமில்லை என்று நினைத்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள், போனேன், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏதோ தேதி சொன்னார்கள், காதில் ஏறவில்லை. அந்தக் கையெழுத்தோடு எல்லாம் முடிந்தது என்று கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டேன். ஆக, தப்பில் எனக்கும் பாதி.

இங்கே ஐரின் மேடம் என்று ஒரு வக்கீல். பிரிந்து இத்தனை வருஷம் ஆனதால், ரெண்டு பேரும் சேர்ந்து புதிதாக மனுப் போட்டு, அந்த ஆறு மாசக் காத்திருப்பை விலக்கச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார். உங்கள் கையெழுத்து வேண்டும். தருவீர்களா?

புவனா


அய்யலூர்
9.3.2023

என் புவனாவுக்கு,

நீலச் சேலை. நான் அன்றைக்கு ஒரு குருட்டு வெள்ளாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இனிமேல் அந்த ஆட்டை நினைக்காமல் சாப்பிட முடியாது.

கையெழுத்து எதற்கு? யோசித்துப் பார். தனியாகக் கேட்டால்தானே தீர்ப்பு வேண்டும்? ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டால்? புருஷன் பொண்டாட்டி என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. நீ வந்துவிடு. இல்லையென்றால் நான் கோயம்புத்தூர் வருகிறேன், ஆடு எல்லா ஊரிலும் விற்கும். பிள்ளைக்கு அப்பாவும் இருக்கட்டுமே. என் அப்பாவிடம் சொன்னேன். மூட்டு வலியோடு எழுந்துபோய் உன் பழைய அறையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன்
பாண்டி


கோயம்புத்தூர்
17.3.2023

மச்சான்,

பத்தாம் தேதி தாண்டிவிட்டது. என் பெயரை நீக்கிவிட்டார்கள். தீர்ப்போடு வந்தால் மறுபடி பதியலாமாம். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் தங்கச்சி மகனின் காதுகுத்து ஞாபகம் இருக்கிறதா? தாய்மாமன் மடியில் பிள்ளை. தாய்மாமன் நீங்கள். சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நான். அத்தை வந்து, "நீ செத்த தள்ளி நில்லு தாயி, புள்ள பெறாதவ கை முன்னால வரவேணாம்" என்று தட்டை வாங்கி வேறொருத்தி கையில் கொடுத்தார். நான் அத்தையைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்தேன். நீங்கள் பிள்ளையின் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தீர்கள்.

அத்தையை மன்னித்துவிட்டேன், போய்ச்சேர்ந்துவிட்டார். அந்தப் பட்டனை மன்னிக்க முடியவில்லை. எனக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து ஒரு குறையும் இல்லை என்று சீட்டு வந்தது, உங்களுக்கும் தெரியும். நீங்களும் ஒரே ஒரு தடவை பரிசோதனைக்குப் போங்கள் என்று ரெண்டு வருஷம் கெஞ்சினேன். போகவில்லை. ஏன்? இன்றைக்கும் எனக்கு அது விளங்கவில்லை. கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் மேல் பாசம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் வரப்போகிற பெண்ணை யாராவது "எங்கேயோ கெடந்தது" என்று சொன்னால், பக்கத்தில் பட்டனைத் திருகும் ஓர் அப்பா அவளுக்கு வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள்.

புவனேஸ்வரி


அய்யலூர்
30.3.2023

புவனா,

ஏன் போகவில்லை என்று யாரும் கேட்டதில்லை. ஏன் போகமாட்டேன் என்கிறாய் என்று திட்டத்தான் செய்தார்கள். உண்மையைச் சொல்கிறேன். குறை என்னிடம்தான் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சீட்டு வந்தால் அம்மா உன்னைச் சொன்னதையெல்லாம் ஊர் என்னைச் சொல்லும். அதற்குப் பயந்தேன். என்மேல் விழ வேண்டியது உன்மேல் விழட்டும் என்று பேசாமல் இருந்தேன். பட்டனைத் திருகியது அதனால்தான். இவ்வளவுதான் நான்.

போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு லேபில் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். சீட்டு வந்திருக்கிறது. என் சந்தேகம் சரிதான். அப்பாவிடமும் தங்கச்சியிடமும் சொல்லிவிட்டேன். தங்கச்சி அழுதாள், உனக்காகத்தான்.

எந்தத் தேதி என்று ஐரின் மேடத்தைச் சொல்லச் சொல். வியாழக்கிழமை என்றாலும் வருகிறேன்.

பாண்டியராஜ்


அய்யலூர்
12.10.2023

அன்புள்ள புவனாவுக்கு,

இத்துடன் தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு. ஒன்று போதும் என்றாய். எலி இருக்கிறது, ரெண்டாக வைத்துக்கொள்.

ஆண்டிச்சாமி அண்ணன் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, "பாண்டி, விவாகரத்து நகலை இம்புட்டு ஆசையா வாங்கிட்டுப் போறவன நான் பார்த்ததே இல்ல" என்றார். குறிப்பில் நானே படித்துப் பார்த்தேன்: "இரு மனுதாரர்களும் ஆஜர்." அதற்கு ஒரு நகல் எனக்கும் போட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே.

அன்றைக்கு ஜட்ஜ் கேட்டபோது நீ "ஆமாம்" என்றாய், நானும் "ஆமாம்" என்றேன். கல்யாணத்தில்கூட நாம் இப்படிச் சேர்ந்தாற்போல ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிள்ளை வந்தால் ஒரு வரி எழுது.

பாண்டி


கோயம்புத்தூர்
9.6.2025

மச்சான்,

வந்துவிட்டாள். பெயர் பவித்ரா, ஏழு வயசு, முன்பல் ரெண்டு இல்லை. வந்து நாலு மாசம் ஆகிறது. எழுதத் தாமதம் ஆனதற்குக் காரணம், ஒரு நாளைக்கு இருநூறு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களைத் தோற்கடித்துவிடுவாள்.

போன வாரம் உங்கள் கடிதங்களை எடுத்து வைத்தபோது பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா இது?"

"என் மாமா மகன்."

"அப்ப எனக்கு என்ன வேணும்?"

நான் யோசித்தேன். கோர்ட்டு புருஷன் என்பதைத்தான் வெட்டியது. முறையை வெட்டவில்லை. அம்மாவின் மாமா மகன் பிள்ளைக்கு அப்பா முறை. பெரியப்பா, இல்லையென்றால் சித்தப்பா என்றேன்.

"அப்பாவை விடப் பெரியவங்கன்னா பெரியப்பா, சின்னவங்கன்னா சித்தப்பா. சரி. எனக்குத்தான் அப்பாவே இல்லையே, அப்ப அவர் யாரைவிடப் பெரியவர்?"

அவரிடமே கேள் என்று சொல்லிவிட்டேன்.

வருகிற 19ஆம் தேதி வியாழக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அய்யலூர் வருகிறோம். சந்தை நாள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். மாமாவையும் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாப்பில் பதினோரு மணி வரை நிற்போம். அதற்கு மேல் நிற்க மாட்டேன், அவளும் நிற்க மாட்டாள்.

உங்கள் நம்பரை ப்ளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் வருவதாகப் போன் பண்ணாதீர்கள். வந்துவிடுங்கள்.

புவனா