பூட்ஸ் பை என்றார்கள்

என் சுண்டெலிக்கு, அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அதுவே எனக்குப் போதும் என்று தொடங்கத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ முகாமிலிருந்து தங்கச்சிக்கு அனுப்பிய போட்டோவை நானும் பார்த்தேன். நாலு பேர் கையைப் பின்னால் கட்டி மண்டி போட்டிருக்கிறார்கள், தலையில் கறுப்புப் பை, பக்கத்தில் நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். அந்தப் பை ஓரத்தில் சிவப்பு நூல் தெரிகிறதே, அதைத் தைத்தது நான்தான். போன மாதம் எங்கள் தையல் கம்பெனிக்குப் பட்டாளத்து ஆர்டர் வந்தது, பூட்ஸ் போட்டு வைக்கிற பை என்றார் சூப்பர்வைசர். கறுப்பு நூல் தீர்ந்து நான் சிவப்பைக் கோத்தேன், பொத்தான் தைக்கிறவள்கூட, பூட்ஸுக்குக் கல்யாணமாக்கா, சிவப்பு கட்டி விடுறே என்று கேலி செய்தாள். என் பிள்ளை பூட்ஸுக்குள் தூசி போகக் கூடாதே என்று இரட்டைத் தையல் போட்டு இறுக்கினேன். தூசி போகாத பைக்குள் காற்று எப்படிப் போகும்.

போனில் கேட்டால், மேலே சொன்னதைச் செய்யறேம்மா, அவனுங்க மட்டும் யோக்கியமா, அண்ணனை என்ன பண்ணானுங்க என்கிறாய். அண்ணன் பேரை இதுக்கா எடுப்பாய். எதிரிகளிடம் அவனோடு பிடிபட்டுத் திரும்பி வந்த டிரைவர் நம் வீட்டில் உட்கார்ந்து சொன்னபோது நீயும்தானே இருந்தாய். தலையில பையை மாட்டி வெயில்ல உட்கார வச்சாங்கம்மா, தண்ணி தண்ணின்னான், அப்புறம் சத்தமே இல்ல என்றார். காய்ச்சலில் செத்தான் என்று காகிதம் எழுதி அனுப்பினார்கள். அன்றைக்குச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதவன் நீ. பயிற்சி முடித்து வந்தபோது, கையைத் தூக்கிட்டவன் மேல கை வைக்கக் கூடாதும்மா, அதுதான் எங்க சட்டம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வாயும் இதுதானே. கட்டிப்போட்டவனை வதைக்க எதுக்குடா பட்டாளம், தெரு ரவுடி போதாதா. உத்தரவு போட்டவனா வந்து பைக் கயிற்றை இழுத்தான், உன் கைதானே இழுத்தது.

இனி அந்தப் பையைத் தைக்க மாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன், அப்ப வேலைய விட்டு நின்னுக்கோ என்றார், நின்றுவிட்டேன். நீயும் உன் பெரிய ஆபீசரிடம் போய் மாட்டேன் என்று சொல். அடைத்துப் போட்டால் போடட்டும், ஜெயில் வாசலில் வந்து நிற்க எனக்கு வெட்கமில்லை, இந்தப் போட்டோவைப் பார்க்கத்தான் வெட்கம். கடிதம் கிடைத்ததும் முதலில் பையைக் கழற்றித் தண்ணீர் கொடு, மறந்துவிடாதே. உன் உடம்பும் மனசும் கெடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணனையும் உன்னையும் பெற்றவள்

கவரை ஒட்டும்போது ஒன்று தோன்றியது. உன் அண்ணன் தலையில் மாட்டிய பையை, எதற்கென்று தெரியாமல், எந்தத் தாய் தைத்துக் கொடுத்தாளடா?