நானூற்றுப் பன்னிரண்டு முதல் கேள்விகள்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்க நாலு பேரும் நலம்னு எழுதத்தான் ஆசை. ஆனா ரெட்டையர்ல ஒருத்திக்குச் சளி, இன்னொருத்தி அவளைப் பார்த்து அழறா, உன் அண்ணன் ரெண்டு பேரையும் பார்த்து அழற நிலைமையில இருக்கார். போன்ல பேசினா இதுங்க எழுந்துடும். சாட்ல வந்தா நீ 'ம்', 'சரி'ன்னு ரெண்டு எழுத்துல தப்பிச்சிடுவே. அதனால ஒழுங்கா கடிதம் மாதிரியே மெயில் எழுதறேன். நீயும் அப்படியே எழுதணும்.

அடுத்த மாசம் வேலைக்குத் திரும்பறேன். அதுக்கு முன்னாடி நம்ம ஆன்லைன் புரோகிராமிங் மன்றத்தை எட்டிப் பார்க்கலாம்னு ரெண்டு நாளா உக்காந்து படிச்சேன். பிரசவத்தைச் சாக்கா வச்சு ஒரு வருஷமா மொத்தத்தையும் உன் தலையில கட்டிட்டு வந்துட்டேனே, எந்தக் கோலத்துல இருக்குமோன்னு பயந்துட்டே திறந்தேன். பார்த்தா தொடைச்சு வச்ச மாதிரி இருக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் தலைப்பு, என்ன பிழை வருது, என்னென்ன முயற்சி பண்ணாங்கன்னு வரிசையா எழுதியிருக்காங்க. எனக்கே அங்க வாயைத் திறக்கக் கூச்சமா இருந்தது.

ஒண்ணுதான் உறுத்துது. கம்ப்யூட்டர் திரையை போன்ல கோணலாப் போட்டோ எடுத்து, மூலையில கட்டைவிரலும் தெரிய, 'ஓடல சார், அவசரம்'னு போடுவாங்களே, அவங்கள்லாம் எங்கப்பா? ஒரு வருஷத்துல ஒருத்தர் கூடப் புதுசா வரலியா? இப்பல்லாம் எல்லாரும் பிறக்கும்போதே கத்துக்கிட்டு வந்துடறாங்களா?

எங்க சாப்பாட்டு மேசையில நீயும் நானும் உக்காந்து அந்த வரவேற்பு வரியைப் பதினாலு தடவை அடிச்சு அடிச்சு எழுதினது ஞாபகம் இருக்கா? 'எந்த முதல் கேள்வியும் இங்கே சின்னக் கேள்வி இல்லை.' உன் அண்ணன் தட்டை வைக்க இடம் இல்லாம நின்னுட்டே சாப்பிட்டார். அந்த வரியை நம்பி வர்றவங்களுக்காகத்தானே கடையைத் திறந்தோம்.

சக்கரம் உடைஞ்ச அந்த நாற்காலியை மாத்தினியா இல்லியா?

உன் அண்ணி


மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நாற்காலியை மாத்தல. அது ஒரு பக்கம் சாயும், நான் இன்னொரு பக்கம் சாய்ஞ்சு சமாளிச்சுக்கறேன். நான் லிஃப்ட் கம்பெனியில மென்பொருள் எழுதறவன், எங்க கட்டடத்துல மூணு வாரமா லிஃப்ட் ஓடல. பதினொரு மாடி. கீழ பால் வாங்கப் போனா மேல வர்றதுக்குள்ள அதைக் குடிச்சுடலாம் போல இருக்கு. வாட்ச்மேன் தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கறார்.

புதுசா வர்றவங்க குறைஞ்சுட்டாங்க அண்ணி. ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. இப்பல்லாம் கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டுக்கறாங்க, நம்மகிட்ட எதுக்கு வரணும்? அழுக்கா இருந்தா ஏன் அழுக்குன்னு கேப்பீங்க, சுத்தமா இருந்தா ஏன் சுத்தம்னு கேக்கறீங்க. நான் என்னதான் பண்றது?

நீங்க அவசரப்பட்டு, வர்ற கேள்விகளைப் பார்த்து உள்ள விடற மாடரேட்டர் வேலைக்குள்ள வராதீங்க. சர்வர்ல கொஞ்சம் வேலை பாதியில நிக்குது. முடிஞ்சதும் நானே சொல்றேன். குழந்தைங்களைப் பாருங்க. அண்ணனை உக்காந்து சாப்பிடச் சொல்லுங்க.

மேல சொன்னது கோபமா தெரிஞ்சா மன்னிச்சுடுங்க. திருத்தி எழுத உக்காந்தா முழுசா அழிச்சிடுவேன், அதனால அப்படியே அனுப்பறேன்.

உங்க கொழுந்தன்


மார்ச் 11

தம்பி,

நேத்து குழந்தைங்களுக்குத் தடுப்பூசி. கிளினிக்ல முன்மேசையில உக்கார்ற பொண்ணு, டோக்கன் குடுக்கறதுக்கு நடுவுல மேசைக்கு அடியில ஒரு புரோகிராமிங் புத்தகத்தை வச்சுப் படிச்சிட்டிருந்தா. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நாங்க ஒரு மன்றம் நடத்தறோம், எதுல மாட்டினாலும் அங்க வந்து கேளு, யாரும் சிரிக்க மாட்டாங்க"ன்னு பெருமையாச் சொன்னேன்.

அவ என் முகத்தையே பார்த்தா. அப்புறம் போனை எடுத்துக் காட்டினா. போன ஜூன்ல கேட்டிருக்கா. கேள்விக்குக் கீழ சாம்பல் நிறத்துல ஒரு வரி: 'உங்கள் கேள்வி பரிசீலனையில் உள்ளது.' ஒன்பது மாசமா அப்படியே இருக்கு. "முதல்ல தினமும் பார்த்தேங்க, அப்புறம் நான் கேட்டதே தப்போன்னு விட்டுட்டேன்"னா. நான் ஊசி போட்ட குழந்தையைச் சமாதானப்படுத்தற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். வேற எங்க முகத்தை வச்சுக்கறது?

சர்வர்ல பாதியில நிக்கற வேலை என்னன்னு இப்ப சொல்லு. எனக்குக் கோபம் இருக்கு, ஆனா பயம் அதைவிட அதிகமா இருக்கு. நீ இப்படிப் பண்ற ஆள் இல்ல.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

சொல்லிடறேன். குறுக்க கேக்காம முழுசாப் படிங்க.

நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன பத்தாவது நாள் அது. ஒரு அம்மா, சலவைக் கடை வச்சிருக்காங்க. யாரோட துணி எந்த அலமாரித் தட்டுல இருக்குன்னு தேட ஒரு புரோகிராம் எழுதணும்னு வந்தாங்க. ஒரு கேள்வி கேட்டாங்க, நான் உதாரணம் எழுதிக் குடுத்தேன். மறுநாள் அதையே கேட்டாங்க. அதே உதாரணத்தை எடுத்து ஒட்டினேன். மூணாவது தடவையும் அதே. நாலாவது தடவை கேட்டப்போ அன்னிக்கு மட்டும் அறுபது கேள்விக்குப் பதில் எழுதி முடிச்சிருந்தேன். 'உங்களுக்கு இது வராதுங்க, நோட்டுல எழுதி வச்சுக்கோங்க'ன்னு போட்டேன்.

அவங்க எழுதின பதில் ரெண்டே வார்த்தை. 'சரிங்க சார்.' சாயந்திரத்துக்குள்ள மன்றத்துல இருந்த கணக்கையே நீக்கிட்டுப் போயிட்டாங்க.

அதோட முடிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. ரெண்டு நாள் கழிச்சு, மனசு கேக்காம, அவங்க எழுதினதை என் மெஷின்ல போட்டு ஓட்டிப் பார்த்தேன். தப்பு என்னோடது அண்ணி. நான் குடுத்த உதாரணத்துலயே ஒரு வரி தப்பு. அவங்க எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து அடிச்சிருக்காங்க. நான் அதே தப்பை மூணு தடவை ஒட்டிட்டு, உங்களுக்கு வராதுன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பக்கத்தைத் திறந்து திருத்தக்கூட எனக்குத் தைரியம் வரல.

அப்புறம் யாராவது புதுசா வந்தாலே பக்கத்தை மூடிட ஆரம்பிச்சேன். இன்னொருத்தரை எதாவது சொல்லிடுவேனோன்னு. ஒரு வாரம் மூச்சு விட்டுக்கலாம்னு, புதுசா சேர்றவங்க கேள்வியெல்லாம் நேரா காத்திருப்புப் பெட்டிக்குப் போற மாதிரி வச்சேன். ஒரு வாரம் முடிஞ்சப்போ முப்பது இருந்தது. நாளைக்குன்னு விட்டேன். நூறு ஆச்சு. இருநூறு ஆனதும் அந்தப் பக்கமே போகல. இப்ப நானூத்திப் பன்னெண்டு. மன்றம் சுத்தமா இருக்குன்னு பழைய ஆளுங்க பாராட்டறாங்க. ஒவ்வொரு தடவையும் எழுந்து பதினொரு மாடியும் இறங்கி ஏறறேன். ஒரு இடத்துல உக்கார முடியல. லிஃப்ட் ஓடினாலும் படியிலதான் போவேன்னு நினைக்கறேன்.

ஞாயித்துக்கிழமை அந்தப் பெட்டியை மொத்தமா அழிச்சிடப் போறேன். எத்தனை மாசம் கழிச்சு என்னன்னு சொல்லிப் பதில் எழுதறது? அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிச்சுக்கலாம். நீங்க என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன்.

கொழுந்தன்


மார்ச் 12, மத்தியானம்

பெட்டி மேல கை வைக்காதே. அதுக்கு இன்னொரு சாவி என்கிட்ட இருக்கு. இதுங்க ரெண்டும் தூங்குதுங்க, நான் இப்பவே திறக்கறேன். நீ குளிச்சிட்டு எதையாவது சாப்பிடு.

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

எட்டு நாள் ஆச்சு. குழந்தைங்க பகல்ல தூங்கற நேரம் பூரா இதே வேலை. உன் அண்ணன் காவல். காலிங் பெல்லைக் கழட்டி வச்சுட்டார், கூரியர்காரர் ஜன்னல் வழியா என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போறார்.

நானூத்திப் பன்னெண்டுல முப்பத்தேழு விளம்பரக் குப்பை. அதை மட்டும்தான் அழிச்சேன். மத்தவங்களுக்கெல்லாம் ஒவ்வொருத்தரா எழுதினேன். முக்கால்வாசிப் பேருக்கு மேல சத்தமே இல்ல. அறுபது பேருக்கு மேல பதில் போட்டிருக்காங்க. 'நானே கண்டுபிடிச்சுட்டேன்'னு எழுதினவங்கதான் நிறைய. ஒருத்தர் 'இப்ப நான் அந்த வேலையிலேயே இல்லீங்க'ன்னு எழுதியிருக்கார். ஒருத்தர் நல்லாத் திட்டியிருக்கார், நியாயமாத்தான் திட்டியிருக்கார். கிளினிக் பொண்ணுக்குப் பதிலை நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்தேன். டோக்கன் மேசையில நின்னே முடிஞ்சு போற விஷயம், அஞ்சு நிமிஷம்கூட ஆகல.

சலவைக் கடை அம்மாவைத் தேடினேன். கிடைக்கல. கணக்கை நீக்கினவங்களோட முகவரி நம்மகிட்ட இருக்காது, உனக்கே தெரியும். அவங்ககிட்ட மன்னிப்பு கேக்க உனக்கு வழி இல்ல. அவங்க வேற எங்கயாவது கத்துக்கிட்டிருப்பாங்கன்னு ஆறுதல் சொல்ல எனக்கும் வாய் வரல. உன் உதாரணத்துல இருந்த அந்த வரியைத் திருத்திட்டேன். ஒரே வரிதான். திருத்தும்போது நானும் அழுதேன்.

இப்ப வேற ஒண்ணு. போன மே பத்தொன்பதாம் தேதி, 'புதுசு'ன்னு ஒருத்தர் சேர்ந்து ஒரு கேள்வி போட்டிருக்கார். நடுவுல, நூறு கேள்விக்குக் கீழ கிடந்தது. அப்படியே எழுதறேன்.

'தலைப்பு: மாடரேட்டர் வேலையை விடுவது எப்படி? என் அண்ணி ஆரம்பிச்ச மன்றத்தை நான் பார்த்துக்கறேன். அவங்களுக்கு இப்பதான் ரெட்டைக் குழந்தை பிறந்திருக்கு, இதைப் போய்ச் சொல்ல முடியல. விட்டுட்டுப் போனா அவங்க முகத்துல எப்படி முழிக்கறது? முயற்சி பண்ணினவை: லீவு எடுத்தேன், பதில் எழுதி அழிச்சேன், படி ஏறி இறங்கினேன். வர்ற பிழை: எதுவும் வரல. தூக்கமும் வரல.'

படிச்சிட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கல. ஒருத்தி எழுந்து அழுதா, அண்ணனே போய்த் தூக்கிக்கிட்டார்.

அந்தப் பெட்டிக்கு ரெண்டே சாவி. நீ எழுதினா நான் ஒருத்திதான் படிக்க முடியும். அது தெரிஞ்சுதானே அங்க போட்டே? எனக்கு அறிவிப்பு வந்திருக்கணும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பற அன்னிக்கு மன்றத்து அறிவிப்பு எல்லாத்தையும் நிறுத்தி வச்சேன், திரும்பப் போடவே இல்ல. தம்பி பார்த்துக்குவான்னு இருந்துட்டேன். நீ மட்டும் பூட்டி வைக்கலப்பா, பத்து மாசம் நானும் திறக்கல. என்னை மன்னிச்சுடு.

உன் கேள்வியை மன்றத்துல போடல. பதிலை மட்டும் முறைப்படி கீழ எழுதியிருக்கேன்.

வணக்கம் புதுசு. மன்றத்துக்கு வரவேற்கிறோம். எந்த முதல் கேள்வியும் இங்கே சின்னக் கேள்வி இல்லை. தாமதத்துக்கு வருந்துகிறோம்.

நீங்க உங்க அண்ணிகிட்ட நேரா சொல்லியிருக்கலாம், அவங்க அப்படியொண்ணும் கோவிச்சுக்கற ஆள் இல்ல. இன்னிக்குக் காலையில உங்க மாடரேட்டர் சாவியை அவங்க எடுத்துட்டாங்க. இனிமே உங்களால யார் கேள்வியையும் மூட முடியாது, யாரையும் காக்க வைக்க முடியாது. பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வரலாம். மேசையில இப்ப குழந்தைங்க சாமான்தான் இருக்கு, நின்னுட்டே சாப்பிடணும்.

இந்தப் பதில் உதவலைன்னா இதே கேள்வியை மறுபடியும் கேக்கலாம். நாலு தடவை கேட்டாலும் பரவாயில்ல.

அண்ணி