ஷமீம் பானுவின் மாத்திரை

2023 ஜூன் 12, திங்கள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. எங்கள் லாட்ஜில் மாடி அறையெல்லாம் நிரம்பியிருக்கும். நானோ திருநெல்வேலி ஆஸ்பத்திரியில். நுரையீரலில் ஊசி விட்டு எடுத்த சதையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துப் பார்த்தார்களே, முடிவு வந்துவிட்டது. டாக்டர் தேடிய மரபணு மாற்றம் என் கட்டியில் இல்லை. இருந்தால் மாத்திரையோடு போகும். இல்லாததால் கீமோ.

தென்காசி ஷமீம் பானுவுக்கு இருக்கிறதாம். அதே நோய், அதே டாக்டர். புற்றுநோயில்கூட அவளுக்கு நல்லதாய்ப் பார்த்துக் கொடுத்திருக்கிறான் ஆண்டவன்.

ஜூன் 13

எனக்கு ஏன் இல்லை?

ஜூலை 6

இரண்டாவது கீமோ. பஸ் தென்காசியில் நின்றபோது ஷமீம் ஏறி என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மாத்திரையைக் காட்டச் சொன்னேன். ஒரு அட்டை, அவ்வளவுதான்.

"மூஞ்செல்லாம் கொப்புளமா வருதுக்கா. வெளிய போவ வெக்கமா இருக்கு."

முக்காட்டுக்கடியில் ஒரு முடி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன், என்னிடமா சொல்கிறாள்? அட்டையைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

குடும்பத்தோடு எங்கள் லாட்ஜுக்கே வந்துவிட்டாள். சாவியை நான்தான் கொடுத்தேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நிற்கிறாள் — ஈரத்தலை!

"நிர்மலாக்கா, நீங்களும் வந்திருக்கலாம்லா?"

கூட்டத்தில் போகவே கூடாதென்று எனக்கு உத்தரவு. நான் பிறந்து வளர்ந்த குற்றாலத்தில் அவள் குளிக்கிறாள், நான் கவுண்டரில் உட்கார்ந்து ரூம் போட்டுக் கொடுக்கிறேன். போகும்போது, "ஒங்களுக்காவ துவா கேட்டுட்டேதான் இருக்கேன்" என்றாள். ஏட்டி, ஒன் துவாவ நீயே வச்சுக்கோ, அந்த மரபணுவ எனக்குத் தா.

"அவ நல்லாருந்தா ஒனக்கென்ன நட்டம்?" என்கிறார் என் வீட்டுக்காரர். நட்டம் ஒன்றுமில்லை. வயிறு எரியுது, எரிஞ்சிட்டுப் போகட்டும்.

2024 பிப்ரவரி 8

கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது. புதிதாய்ச் சதை எடுத்து, இந்த முறை நிறைய மரபணுக்களை ஒரே சோதனையில் படிப்பார்களாம். போன முறை ஒரே ஒரு அறைக்கதவைத் தட்டிவிட்டு, ஆளில்லை என்று போய்விட்டார்கள். இப்போது மாடி முழுக்கத் தட்டப் போகிறார்கள்.

"அன்னைக்கே தட்டியிருக்கக் கூடாதா?" என்று சண்டை போட்டேன்.

"அப்போ எடுத்த சதையில அதுக்குத் தேவையான அளவு டிஎன்ஏ இல்லம்மா" என்றார் டாக்டர்.

மார்ச் 4

இருக்கிறது! வேறொரு மரபணுவில். ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் வருமாம். அதற்கும் மாத்திரை உண்டாம்.

உடனே ஷமீமுக்குப் போன் போட வேண்டும் என்று தோன்றியது. நல்ல செய்தி சொல்லவா? இல்லை, காட்டிக்கொள்ளத்தான். அவள் எடுக்கவில்லை.

ஜூன் 20

மாத்திரைக்குக் கட்டி கேட்கிறது. இருமல் இல்லை. முடி காதுவரை வந்துவிட்டது. டாக்டரிடம் காட்டப் பஸ் ஏறினேன், முக்காடு போடாமல், கைப்பையில் மாத்திரையோடு. தென்காசியில் ஷமீம் ஏறினாள். எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று மூன்று மாதமாக மனசில் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

ரத்தம் எடுத்து, அதில் கலந்திருக்கும் கட்டியின் டிஎன்ஏவைப் பார்த்தார்களாம். கட்டி தன் மரபணுவில் புதிதாய் ஒரு மாற்றம் செய்துகொண்டதாம்.

"இனிமே அந்த மாத்திரைக்குக் கேக்காதாம்க்கா. இன்னைக்கு மொத கீமோ."

டிக்கெட் வாங்கிவிட்டு, "முடி எப்பக்கா கொட்டும்?"

சொன்னேன். என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க மாத்திரையக் காட்டுங்களேன்."

எடுத்துக் கொடுத்தேன். பாவூர்சத்திரம் போனது, ஆலங்குளமும் போனது. அட்டை அவள் கையிலேயே இருந்தது. நான் திருப்பிக் கேட்கவில்லை.