ஆறாவது பேஸ்காரன்

18-5-1941, ஞாயிறு
நாகராசு பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். நம் பாண்டு செட்டை விட்டுப் போகிற நாலாவது பேஸ்காரன். பேஸ் என்கிற பெரிய பித்தளைக் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு 'பூம் பூம்' என்று ஊதுவதில் என்ன கஷ்டம்? கிளாரினெட்டில் பாட்டை இழுத்துப் போகிறவன் நான். நானா ஓடுகிறேன்? போகும்போது, "யுத்தத்துல எதிராளி மட்டுந்தாண்ணே சுடுவான்" என்றான். என்ன அர்த்தமோ.

21-5
ஜூன் எட்டாம் தேதி திருவரங்குளத்தில் கல்யாணம். பெண்ணின் தகப்பனார் அடைக்கலம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பெரிய குழல் இருந்தாத்தான் பாண்டு. இல்லாட்டி வெறும் பீப்பி." அவர்கள் உறவில் ஆவணியில் இன்னும் மூன்று கல்யாணம். இது கைவிட்டுப் போனால் செட்டு கலைந்துவிடும். இரண்டாவது கிளாரினெட் வாசிக்கும் மச்சினன் குழந்தைசாமியும் டிரம் அடிக்கும் ராசுவும் திருச்சிப் பக்கத்துச் செட்டுகளில் ஆள் தேடுகிறார்களா என்று இப்போதே விசாரிக்கிறார்கள்.

24-5
மணமேல்குடியிலிருந்து பிச்சைமுத்து வந்தான். கடற்கரைக்காரன், மூச்சுக்குப் பஞ்சமில்லை. பிழைத்தோம்!

29-5
விராலிமலையில் மாப்பிள்ளை அழைப்பு. நடுப்பாட்டில் பிச்சைமுத்து அரைத் தாளம் பிந்தினான். வழக்கம்போல் கையைத் தூக்கிச் செட்டை நிறுத்தினேன். திரும்பி நின்று மூன்று தடவை பாடிக் காட்டினேன். மாப்பிள்ளையும் குதிரையும் காத்து நின்றார்கள். மலையில் மயில் ஒன்று கத்தியது. "அது சுருதியாத்தான் இருக்கு" என்றான் ராசு. சொல்லிக்கொடுப்பது ஒரு குற்றமா?

30-5
பிச்சைமுத்துவைக் காணோம். குழல் மட்டும் வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது. என் மனைவி அமராவதியிடம் சொல்லிவிட்டுப் போனானாம்: "அண்ணன் நல்ல மனுசந்தாங்கக்கா. எங்க பக்கம் திரும்பிப் பாக்காத வரைக்கும்."
திமிர்.

2-6
மூன்று ஊரில் கேட்டாயிற்று. என் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் வேலை வந்துவிடுகிறது. கீரனூரில் ஒருவர் பல்வலி என்றார். அவருக்குப் பல்லே கிடையாது.

4-6
"ஏன், நீங்களே ஊதுங்களேன்" என்கிறாள் அமராவதி. கிளாரினெட் குழந்தைசாமிக்காம். வேறு வழி? பூம் பூம்தானே.

5-6
உதடு வீங்கிவிட்டது. மோர்கூட இறங்கவில்லை.

8-6, ஞாயிறு
திருவரங்குளம் கல்யாணம். என்னத்தைச் சொல்ல! இரண்டு தடவை பிந்தினேன். மூன்றாவது தடவை குழந்தைசாமி கையைத் தூக்கிச் செட்டை நிறுத்தினான். திரும்பினான். "மச்சான், கையெடுத்துக் கும்புடுறேன், காதுல விழுதா இல்லையா?" என்று கேட்டு, நடுத்தெருவில் மூன்று தடவை பாடிக் காட்டினான். பொம்பளைகள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். இந்தப் பயல் இதை எங்கே கற்றான்? இடது கையைத் தூக்குவது, ஒரு கண்ணைச் சுருக்குவது – அத்தனையும் என்னுடையது. அழுகை வந்துவிட்டது. ஓடியிருப்பேன். குழலைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும்.
ஐந்து பேருக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்?
முடிவில் அடைக்கலம் வெற்றிலை பாக்கு கொடுத்தார். "ஆவணிக்கும் நீங்கதான் வரணும். குழல்காரரை மட்டும் மாத்திருங்க."

11-6
பஸ் பிடித்து மணமேல்குடி போனேன். பிச்சைமுத்து வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தப்பு என்னுதுதான் தம்பி" என்றேன். நானா சொன்னேன்? கிழிசலில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, "வாரேன். ஆனா நான் முன்னாடி நிப்பேன், நீங்க பின்னாடி" என்றான். பேஸ் முன்னால் போகிற பாண்டு எங்கே உண்டு? சரி என்றேன்.

24-8, ஞாயிறு
திருவரங்குளம். பிச்சைமுத்து முன்னால், நான் அவன் முதுகுக்குப் பின்னால். பிச்சைமுத்துவைக் காட்டி "இவருதான் மாஸ்டரா?" என்று யாரோ கேட்க, ஆமாம் என்றானாம் ராசு. சிவன் கோயில் திருப்பத்தில் பிச்சைமுத்து அரைத் தாளம் பிந்தினான். இடது கை தானாக எழும்பியது. கிளாரினெட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நானும் அரைத் தாளம் பிந்தினேன்.